மருதாயியின் காதும் சூரப்பனின் முள்ளும்

ஒரு காட்டில், மூங்கில் அடர்ந்த மலைச்சரிவில், இருபது புள்ளிமான்கள் கூட்டமாக வாழ்ந்தன, குழந்தைகளே. அந்தக் கூட்டத்தின் காவல் மருதாயி என்ற பெண்மானிடம் இருந்தது.

மருதாயிக்குக் கூர்மையான காது. மற்ற மான்கள் ஓடையில் குனிந்து தண்ணீர் குடிக்கும்போது அவள் மட்டும் தலை நிமிர்ந்து நிற்பாள். உச்சிக் கிளையிலிருந்து மந்தியக்கா என்ற குரங்கு ஆபத்தைக் கண்டு குரல் கொடுத்தால் போதும், மருதாயி முன்காலால் தரையைத் தட்டுவாள். அடுத்த நொடி கூட்டம் மொத்தமும் புதருக்குள் மறைந்துவிடும்.

ஆனால் அவளுக்குப் பொறுமை மட்டும் கிடையாது. காயாக இருக்கும்போதே கடித்துப் பார்ப்பாள். மழை ஓயும் முன்பே கிளம்பி நனைவாள்.

ஒரு நாள் காலை மருதாயி அருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டுக் கரையேறினாள். வலது காது அடைத்துக்கொண்டது. தலையை உதறினாள். சாய்த்துக்கொண்டு குதித்தாள். காது திறக்கவில்லை. உள்ளே ‘ம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல்.

"மத்தியானம் கூட்டம் தண்ணீருக்குப் போகுமே! அதற்குள் சரியாக வேண்டுமே!" என்று தவித்தாள்.

அப்போது சூரப்பன் என்ற முள்ளம்பன்றி அங்கே வந்தான். ‘எனக்குத் தெரியாது’ என்று அவன் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"நீ தலையை உதறுவதைப் பார்த்தாலே தெரிகிறது, காது அடைப்பு! உள்ளே அழுக்கு. குடைந்து எடுத்தால் தீர்ந்தது. இந்தா, என் முதுகு முள். நான் தினமும் இதனால்தான் குடைகிறேன்."

"வலிக்காதா?" என்று கேட்டாள் மருதாயி.

"முனையைப் பார்! எவ்வளவு மெல்லியது!" என்றான் சூரப்பன்.

மருதாயி குளம்பின் பிளவில் முள்ளைச் செருகிக் குடைந்தாள். நுனியில் மஞ்சளாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். மறுபடியும் குடைந்தாள். இந்த முறை எதுவும் வரவில்லை. உள்ளே இருந்தது இன்னும் உள்ளே போய்விட்டது.

"அந்தக் காதையும் குடைந்துவிடு. இரண்டும் சமமாகிவிடும்!" என்று சூரப்பன் கத்தினான்.

நன்றாக இருந்த இடது காதையும் குடைந்தாள் மருதாயி. இரண்டும் சமமாகத்தான் ஆயின. இரண்டும் அடைத்துக்கொண்டன.

வெட்கத்தால் அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் வழக்கம்போல் ஓடைக்கரையில் போய் நின்றாள். மான்கள் அவளை நம்பிக் குனிந்து தண்ணீர் குடித்தன.

ஓடையோரப் புளியமரத்தின் உச்சியில் மந்தியக்கா உட்கார்ந்திருந்தாள். நாணல் அசைவதைக் கண்டதும் அலறினாள்.

"புலி! புலி!"

அந்த அலறல் மருதாயியின் காதில் ஆழக் கிணற்றிலிருந்து வருவதுபோல் மங்கலாக விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மரம் முழுக்கப் புளியம்பழம்.

"புளியா? வேண்டாம் மந்தியக்கா, பல் கூசும்!" என்றாள்.

ஓடையின் இரைச்சலில் சொல் விளங்காமல் மான்கள் தலை தூக்கின. "என்ன சத்தம், மருதாயி?"

"ஒன்றுமில்லை. மந்தியக்கா புளி தருகிறேன் என்கிறாள். நீங்கள் குடியுங்கள்."

மந்தியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கைக்கு எட்டிய பழத்தைப் பறித்து மருதாயியின் மூக்கைப் பார்த்து எறிந்தாள்.

"நான்தான் சொன்னேனே, புளி!" என்றாள் மருதாயி.

புலி இதற்குள் பத்தடி தூரத்துக்கு வந்துவிட்டது. மந்தியக்கா மரத்திலிருந்து தாவி மருதாயியின் முதுகில் குதித்தாள். அவள் முகத்தைப் பிடித்து நாணல் பக்கம் திருப்பினாள். அங்கே இரண்டு மஞ்சள் கண்கள்!

மருதாயியின் கால் தரையில் படபடவென்று அடித்தது. கூட்டம் சிதறி ஓடியது. புலியின் பிடியில் ஒரு குட்டிமானின் வால்முடி நாலு மட்டும் சிக்கியது. பாய்ந்த வேகத்தில் புலி ஓடைக்குள் தொபுக்கென்று விழுந்தது.

புதருக்குள் எல்லாரும் மூச்சு வாங்கினார்கள். மருதாயி நடந்ததை எல்லாம் சொல்லி அழுதாள். கூட்டத்தின் தலைவரான கொம்புமான் அவள் காதருகில் வந்து உரக்கச் சொன்னார்.

"காது அடைத்தது உன் குற்றமில்லை. அதை மறைத்தாயே, அதுதான் குற்றம். காது திறக்கும்வரை நீ காவல் நிற்க வேண்டாம். மெல்லையனிடம் போ."

மெல்லையன் ஒரு தேவாங்கு. வைத்தியம் தெரிந்தவர். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கிளையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வர அவருக்குப் பாதிப் பொழுது ஆகும். மருதாயி போனபோது மாலை வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அப்போதுதான் கண் விழித்திருந்தார்.

"வலி இருக்கிறதா?" என்று கேட்டார்.

"வழியா? ஆலமரத்தைத் தாண்டி வந்தேன்."

"வலி! வலி!"

"ஓ, வலியா? இல்லை ஐயா."

"ரத்தம், சீழ் ஏதாவது வந்ததா?"

"இல்லை."

"பிழைத்தாய். வந்திருந்தால் நான் ஒரு சொட்டு மருந்துகூட விடமாட்டேன். மலையடிவாரத்துப் பெரிய வைத்தியரிடம் உடனே அனுப்பிவிடுவேன்."

தம் உருண்டைக் கண்களால் இரண்டு காதுக்குள்ளும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"செவிப்பறை கிழியவில்லை. உள்ளே இருப்பது குறும்பி. அது அழுக்கு இல்லையம்மா. காதில் தானாகச் சுரக்கும் மெழுகு. தூசியையும் பூச்சியையும் உள்ளே விடாது. தன் வேலை முடிந்ததும் தானே வெளியே வந்துவிடும். நீ அதை முள்ளால் குத்தி உள்ளே திணித்துவிட்டாய்."

மெல்லையன் இலுப்பை எண்ணெயை உள்ளங்கையில் வைத்து இளஞ்சூடு ஆகும்வரை காத்திருந்தார். மருதாயியை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி இரண்டு சொட்டு விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிப் படுக்கவைத்து மறு காதுக்கும் விட்டார்.

"சரியாகிவிட்டதா?" என்று துள்ளி எழுந்தாள் மருதாயி.

"நாலைந்து நாள் ஆகும்."

"நாலைந்து நாளா!"

மறுநாள் காதுகள் முன்னைவிட அதிகமாக அடைத்தன. மருதாயிக்கு அழுகை வந்தது.

"குறும்பி ஊறி உப்பியிருக்கிறது. அப்படித்தான் இளகும்" என்றார் மெல்லையன்.

மூன்றாம் நாள் சூரப்பன் வந்து சேர்ந்தான். முன்னதைவிட இருமடங்கு நீளமான முள் ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.

"எண்ணெயாம், ஊறலாம்! இது ஒரே குத்தில் வெளியே கொண்டுவந்துவிடும்!"

மருதாயியின் முன்கால் முள்ளை நோக்கி நீண்டது. மெல்லையன் அவள் காதருகே தொங்கிக்கொண்டு சொன்னார்.

"உன் காது, உன் இஷ்டம். ஆனால் நான் தரைக்கு இறங்கும்வரை மட்டும் பொறுத்துக்கொள்."

அவர் ஒரு கையை வைத்தார். ஒரு காலை வைத்தார். நின்றார். மறுபடி ஒரு கையை வைத்தார். அவர் இறங்கி முடிக்கும் வரையில் சூரப்பன் தன் முள்ளின் பெருமையைப் பேசிக்கொண்டே இருந்தான். மெல்லையன் அவன் முதுகுப்பக்கம் போய் நின்று, இருந்த மூச்சை எல்லாம் சேர்த்துக் கத்தினார்.

"சூரப்பா! காலடியில் பாம்பு!"

மரத்திலிருந்த கிளிகள் பறந்தன. அடைத்த காதோடு படுத்திருந்த மருதாயிகூடத் துள்ளி எழுந்தாள். சூரப்பனோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"...அதனால்தான் சொல்கிறேன், இந்த முனையைப் பாறையில் தேய்த்துத் தேய்த்து..." என்று பேசிக்கொண்டே போனான்.

மருதாயி வாயைப் பிளந்தாள். அவனைப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாள். நீட்டிய காலை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"ஏன், வேண்டாமா?" என்றான் சூரப்பன். "சொல்வதைச் சத்தமாகச் சொல். இந்தக் காட்டில் யாருக்குமே சத்தமாகப் பேசத் தெரியவில்லை!"

மருதாயி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். "ஐயா, எண்ணெய் விடுங்கள்" என்றாள்.

ஐந்தாம் நாள் காலை வலது காதுக்குள் ஏதோ மெல்ல நழுவியது. பதமாக இளகிய குறும்பி காது மடலுக்கு வந்து நின்றது. மெல்லையன் மெல்லிய தளிரால் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்தார். சற்று நேரத்தில் இடது காதும் திறந்தது.

மூங்கில் உரசும் ஓசை கேட்டது. தேனீயின் ரீங்காரம் கேட்டது. தான் புல் மெல்லும் சத்தம்கூடக் கேட்டது. மருதாயி மென்றுகொண்டே சிரித்தாள்.

"குளித்து முடித்ததும் தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிடு. காதுக்குள் எதையும் நுழைக்காதே" என்றார் மெல்லையன்.

மருதாயி மறுபடியும் காவலுக்குப் போனாள். போகும் வழியில் சூரப்பனைப் பார்த்தாள். அவன் காதோடு வாயை வைத்து, "என்னோடு வா!" என்று கத்தி, அவனை இழுத்துக்கொண்டு வந்து மெல்லையன் முன்னால் நிறுத்தினாள்.

பல வருஷம் குடைந்த காது அல்லவா? சூரப்பனுக்குப் பதினோரு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் காலை அவன் எழுந்து நடந்தான். பின்னால் யாரோ சலசலவென்று துரத்தி வருவதுபோல் இருந்தது.

"யார் அது?" என்று அலறிக்கொண்டு ஓடினான். சலசலப்பும் கூடவே ஓடிவந்தது.

ஆலமரத்தை மூன்று சுற்று சுற்றிய பிறகுதான் அவனுக்குப் புரிந்தது, அது தன் முட்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை என்று.

நீதி: காது அடைத்தால் அவசரப்பட்டுக் குடையாதே, விவரம் அறிந்தவரிடம் காட்டி, குணமாகும்வரை பொறுத்திரு.