கரையில் விழுந்த சாமந்தி

"படத்துல நான் பொய் சொல்லிட்டேன்னு பத்திரிகையில எழுதுறாங்கம்மா" என்றார் இயக்குநர் இளம்பரிதி.

ஏரிக்கரையோரம் குடிசை போட்டிருந்த துறவி வேலம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இளம்பரிதி அவரிடம் தீட்சை பெற்றவர். படம் முடிந்தால் ஆசி வாங்க வருவார். இந்த முறை ஆறுதல் வாங்க வந்திருந்தார்.

படம் அந்த ஏரியைப் பற்றியதுதான். முன்னொரு காலத்தில் கட்டும்போதே கரை உடைந்து, மண் சுமந்தவர்கள் அதற்குள்ளேயே புதைந்து போனார்கள். அவர்கள் நினைவாக, கரையைக் கடக்கிற எவரும் ஒரு பிடி மண் போட்டுவிட்டுப் போவது ஊர் வழக்கம்.

படத்தில் யாரும் சாகவில்லை. ராஜா தன் காதல் ராணிக்காகக் கரை கட்டினார். அவள் நடந்த வழியெல்லாம் ஜனங்கள் சாமந்தி தூவினார்கள். கேமராவுக்கு மண் அழகாக விழாது, பூ விழும். சினிமாக்காரர் கவலை அவருக்கு.

"தியேட்டர்ல அழாத ஆளில்லை. இப்ப எங்கெங்கிருந்தோ வந்து இந்தக் கரையைக் கும்பிட்டுட்டுப் போறாங்க. இதுல யாருக்கும்மா நஷ்டம்?"

வேலம்மை கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நடந்தார். இளம்பரிதி பின்னாலேயே போனார்.

கரை நெடுகப் பூ. மேலே புதுசு, அடியில் அழுகல். இப்போது ஊர்க்காரர்களும் பூதான் போடுகிறார்கள் என்று வேலம்மை போகிற போக்கில் சொன்னார். இளம்பரிதிக்குக் கேட்கப் பெருமையாகவே இருந்தது.

வேலம்மை ஓரிடத்தில் நின்றார்.

"பூவைத் தள்ளு."

தள்ளினார். மழை அரித்த பள்ளம் ஒன்று தெரிந்தது. கையை விட்டால் முழங்கை வரை போயிற்று. வெளியே எடுத்தபோது விரல்கள் நனைந்திருந்தன.

ஒரு பக்கம் ஏரி நிரம்பி நின்றது. மறு பக்கம், கீழே, நாலு ஊர். ஐப்பசி மழை இன்னும் பாக்கி. இளம்பரிதி பயந்து போனார்.

"முன்னெல்லாம் இப்படி அரிக்காதாம்மா?"

"வருஷா வருஷம் அரிக்கும்."

"அப்ப யார் அடைச்சது?"

"கடந்து போனவங்க."

அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் பூக்கூடையோடு கரையேறி வந்தது. இளம்பரிதியை அடையாளம் கண்டதும் அவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ராணி நடந்த இடத்தைக் காட்டச் சொல்லி அந்த வீட்டுப் பெண் ஆசையாகக் கேட்டாள்.

இளம்பரிதி செருப்பைக் கழற்றினார்.

"பூவைக் கொட்டிட்டு, அந்தக் கூடையை இப்படிக் குடும்மா."