மூக்கு நிழல்

"என் குறை என்னன்னு நீதான் சொல்லணும், தமயந்தி," என்றார் கேமராமேன் தேவசகாயம்.

தமயந்தி ஒரு காலத்தில் அவரிடம் உதவியாளராக இருந்து, வெளிச்சம் அளக்கும் லைட் மீட்டர் பிடித்தவள். இன்று டைரக்டர்கள் அவளைத் தேடிப் போகிறார்கள். அவரைத் தேடி வந்தவர்கள் யாரும் இரண்டாம் முறை வருவதில்லை. அவளுக்குப் போன் போட்டு செட்டுக்கு வரவழைப்பதற்குள் அவர் நாலு காப்பி குடித்திருந்தார்.

"நேத்து என்ன நடந்தது சார்?"

"மகன் பிணமா வீட்டுக்கு வர்ற காட்சி. அம்மா வாசல்ல உட்கார்ந்து அழணும். நடிக்கிறது குஞ்சிதம் அம்மா."

"அழுதாங்களா?"

"மூணு தடவை. மூணு தடவையும் மூக்கு நிழல் உதட்டுல விழுந்திடுச்சு. 'ஒரு நிமிஷம்மா'ன்னு லைட்டை நகர்த்தினேன். நாலாவது தடவை கண்ணீர் வரலை. கிளிசரின் போட்டு எடுத்தோம். ஓவியம் மாதிரி வந்திருக்கு."

"டைரக்டர்?"

"இன்னிக்குப் பத்து மணிக்குத் திரும்ப எடுக்கணுமாம். சரியா வரலைன்னா நாளையிலிருந்து வேற கேமராமேன்." அவர் குரல் இறங்கியது. "நான் என்ன தப்பு பண்ணினேன்?"

தமயந்தி சுற்றிலும் பார்த்தாள். மணி எட்டு. வீட்டு செட் காலியாக இருந்தது.

"குஞ்சிதம் அம்மா இடத்துல உட்காருங்க சார்."

நடிகர் வருமுன் வேறு யாரையாவது அந்த இடத்தில் உட்காரவைத்து வெளிச்சம் அமைப்பது சினிமா வழக்கம். எத்தனையோ பேரை அப்படி உட்காரவைத்தவர், தான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

நேற்று அவர் வைத்த லைட்டுகளையே அவளும் வைத்தாள்.

"தாடையைக் கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினார்.

"அசையாதீங்க. மூக்கு நிழல் விழுது."

அசையவில்லை.

"ஒரு நிமிஷம் சார்."

அந்த ஒரு நிமிஷம் முக்கால் மணி நேரம் ஓடியது. கழுத்து பிடித்துக்கொண்டது. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினார்.

"கை கூடாது சார்."

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் இந்த வார்த்தைகளையெல்லாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். யாரைத் திட்டுவது?

தமயந்தி கேமராவில் கண் வைத்துப் பார்த்தாள்.

"ஓவியம் மாதிரி இருக்கீங்க. இப்ப அழுங்க."

"என்னது?"

"உங்க அம்மா போன நாளை நினைச்சு அழுங்க சார். கேமரா ஓடுது."

அம்மா என்றால் அவருக்கு உயிர். இன்றைக்கும் போட்டோவைப் பார்த்தாலே கண் கலங்கும். இப்போது கண்ணை இறுக்கி நினைத்துப் பார்த்தார். கழுத்து வலிதான் தெரிந்தது.

"வரலைம்மா."

தமயந்தி கிளிசரின் பாட்டிலை நீட்டினாள்.

தேவசகாயம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. பாட்டிலை வாங்காமல் எழுந்துபோய், லைட்டுகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே அணைத்தார். வாசலுக்கு மேலே இருந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்.

பத்து மணிக்குக் குஞ்சிதம் அம்மா வந்தார். நேற்று சாக்பீஸில் கோடு போட்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே தாடையைத் தூக்கிக்கொண்டார்.

தேவசகாயம் அவரிடம் போனார். குனிந்து அந்தக் கோட்டைக் கையால் அழித்தார்.

"நீங்க எப்படி வேணும்னாலும் உட்காருங்கம்மா," என்றார். "மூக்கு நிழல் எங்கே வேணும்னாலும் விழட்டும்."