கயிறு அறுத்தவர்கள்

வாய்க்கால் கரை மடத்தில் குருவுக்குச் சீடரைவிட வயது குறைவு. அதில் இருவருக்கும் சங்கடம் இல்லை.

குரு தையல்நாயகி அம்மா நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. சீடர் மாசிலாமணி மதுவிலக்குப் போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாராய ஊறல் பானைகளை உடைத்தே உத்தியோகத்தைக் கழித்தவர்.

"இன்னிக்கு உடைச்சா நாளைக்குப் புதுப் பானை வந்துடுதும்மா. குடிக்கிறவனை நிறுத்த வழி இருந்தா சொல்லுங்க" என்று கேட்டு வந்தார். தங்கிவிட்டார்.

குடியை விட நினைப்பவர்கள் மடத்து அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்து, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வது வழக்கம். ஆளுக்கொரு கெடு. தை பிறக்கிற வரைக்கும் என்பார் ஒருவர். மகளுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் என்பார் இன்னொருவர். "மச்சானுக்குக் கல்யாணம் வருதும்மா, அதுக்கு மறுநாள்லேர்ந்து கட்டுங்களேன்" என்று பேரம் பேசுகிறவர்களும் உண்டு.

கட்டிய புதிதில் கை நடுங்கும், தூக்கம் வராது. அதற்காகப் பின்கட்டில் கட்டில்கள் போட்டிருந்தார்கள். அரசு சுகாதார நிலையத்திலிருந்து ஜெசிந்தா சிஸ்டர் தினமும் வந்து மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வார்.

"வாசல் உங்க பொறுப்பு" என்று அம்மா சொன்ன அன்றே மாசிலாமணி ஒரு பலகை வாங்கி வந்தார். வெள்ளைப் பெயின்டில் அவரே எழுதினார்.

'கயிறு அறுத்தவர் இந்தப் படி ஏறக் கூடாது.'

கீழே இரண்டு கோடு.

அம்மா வந்து படித்தார். "எழுத்து அழகா இருக்கு" என்றார். உள்ளே போய்விட்டார்.

ஒருநாள் காலை பேரூராட்சித் தலைவரிடமிருந்து ஆள் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடிநோயாளிகளுக்கு ஒரு மையம் கட்டி முடித்தாயிற்று. மடத்தில் என்ன விதியோ அதையே அங்கும் வைத்துவிடலாம் என்பது தலைவரின் எண்ணம். என்ன விதி என்று நாளைக்குள் எழுதி அனுப்ப வேண்டும்.

மாசிலாமணிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம பலகையில இருக்கறதையே எழுதி அனுப்பிடட்டுமாம்மா?"

அம்மா பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பந்தல் போடும் கலியமூர்த்தியின் மனைவி மலர்க்கொடி. படியில் கால் வைக்காமல் கீழேயே நின்றாள்.

"அம்மா, அவரு முந்தாநாள்லேர்ந்து வீட்டுக்கு வரல. பத்து நாளைக்கு முன்ன கல்யாண வீட்டுல பந்தல் பிரிக்கப் போனாரு. பிரிச்சு முடிச்சதும் யாரோ ஊத்திக் குடுத்திருக்காங்க. கயித்த அறுத்துப்புட்டாரு. அதுலேர்ந்து தினமும் குடிதான்."

"இங்க வரலியே" என்றார் மாசிலாமணி.

"எப்படிங்கய்யா வருவாரு? நீங்கதான் எழுதி வெச்சிருக்கீங்களே."

"தப்பு பண்ணினா வரக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. தப்பு பண்ணுன்னா எழுதியிருக்கு?"

மலர்க்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா இறங்கிப் போய் அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து உட்கார வைத்தார்.

மாசிலாமணி விடவில்லை.

"நீங்களே சொல்லுங்கம்மா. அறுத்தவனையும் உள்ள விட்டா, அறுக்காம இருக்கிறவனுக்கு என்ன மரியாதை? அப்புறம் கயிறு எதுக்கு?"

"கையை நீட்டுங்க" என்றார் அம்மா.

"யாரு, நானா?"

"நீங்கதான்."

"நான் பொறந்ததுலேர்ந்து ஒரு சொட்டு தொட்டதில்லம்மா!"

"தெரியும்."

அடுப்படியிலிருந்து குஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். மடத்துச் சமையல் அவள் கையில். வாய்தான் அவள் கையில் இல்லை. "ஐயாவோட இடுப்புல ஒரு மட்டை இருக்கும்மா. அது தும்முற தும்முல என் தாளிப்பு அணைஞ்சுபோவுது."

எல்லோரும் சிரித்தார்கள். மலர்க்கொடிகூட.

மாசிலாமணி வேட்டி மடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பொடிமட்டை பத்திரமாக இருந்தது.

"மூக்குப்பொடியெல்லாம் ஒரு போதையாம்மா? தலை பாரத்துக்குப் போடுறது."

"அப்படின்னா விடுறது சுலபம்" என்றார் அம்மா. "ரொம்ப நாள் வேண்டாம். இன்னிக்கு விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

கற்பூரம் ஏற்றினார்கள். தெருக்காரர்கள் மூன்று பேர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாசிலாமணி சத்தியம் செய்தார். முப்பது வருஷம் கோர்ட்டில் சாட்சி சொன்ன குரல், கணீரென்று இருந்தது. அம்மா கயிறு கட்டினார். பொடிமட்டையைக் குஞ்சம்மாள் வாங்கி மிளகாய் டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

"அறுத்தா என்னன்னு கேக்கலியே" என்றார் அம்மா.

"அதான் பலகை இருக்கே" என்று மாசிலாமணி சிரித்தார்.

"சரி. கலியமூர்த்தியைத் தேடிக் கூட்டிட்டு வாங்க."

"கூட்டிட்டு வந்து? உள்ள விட முடியாதே."

"முதல்ல தேடுங்க."

ஊரில் தேட வேண்டிய இடங்கள் மாசிலாமணிக்கு மனப்பாடம். பந்தல் சாமான் கிடங்கில் பார்த்தார். சாராயக் கடைச் சந்தில் பார்த்தார். ஆற்றுப் பாலத்தடியில் பார்த்தார். எங்கும் இல்லை.

வெயில் ஏறியது. தலைக்குள் யாரோ உரலில் இடிப்பதுபோல இருந்தது. எதிரே வந்த ஒரு சைக்கிள்காரனைக் காரணமே இல்லாமல் அதட்டினார். மூக்கு எதையோ தேடியது. ஒரு டம்ளர் காபி குடித்தால் சரியாகிவிடும் என்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்தார்.

பக்கத்தில் பழைய ஏட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். "அடடே, ஐயாவா! பார்த்து எத்தனை நாளாச்சு" என்று எழுந்து வணக்கம் வைத்தார். பேசிக்கொண்டே மட்டையைப் பிரித்தார். ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு வழக்கம்போல மட்டையை நீட்டினார்.

மாசிலாமணியின் கை நீண்டது. எடுத்தது. மூக்குக்குப் போனது.

தும்மல் வந்த பிறகுதான் நினைவும் வந்தது.

அவர் சுற்றிலும் பார்த்தார். கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. ஜிப்பாக் கையை இழுத்துக் கயிற்றை மறைத்தார். குழாயடிக்குப் போய் மூக்கைக் கழுவினார். ஒரு தடவை கழுவியது போதாதென்று மறுபடி கழுவினார்.

மடத்துக்குப் போகும் நேர்த் தெரு எதிரே இருந்தது. அதில் மூன்று வீட்டுக்காரர்கள் அவர் காலையில் கயிறு கட்டியதைப் பார்த்தவர்கள். அவர் வாய்க்கால் ஓரமாகத் திரும்பி நடந்தார். ஆள் நடமாட்டம் இல்லாத வழி எதுவோ அதுவாகப் பார்த்து நடந்தார். விளக்கு வைக்கிற வரை எங்கேயாவது உட்கார்ந்துவிட்டு, அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல உள்ளே போய்விடலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது அவருக்கே அதிசயமாக இருந்தது.

அன்று சந்தை நாள் இல்லை. சந்தைக் கொட்டகை காலியாகக் கிடந்தது. உட்கார நல்ல இடம் என்று உள்ளே போனார்.

மூலையில், தராசு மேடைக்குப் பின்னால், கலியமூர்த்தி சுருண்டு கிடந்தான்.

சட்டை நனைந்திருந்தது. பல் கிட்டித்து உடம்பு உதறியது. இடது மணிக்கட்டில் அறுந்த கயிற்றை இழுத்து மறுபடி முடிச்சுப் போட்டிருந்தான்.

"யோவ், கலியமூர்த்தி!"

"ஐயா, கிட்ட வராதீங்க. தரையெல்லாம் எறும்பு. சாரை சாரையா வருது."

தரையில் ஒரு எறும்பும் இல்லை.

"எப்பக் குடிச்சே?"

"கடைசியா முந்தாநாள் ராத்திரிதாங்கய்யா. அப்புறம் தொடல. சத்தியமா தொடல."

"தொடலைன்னா நேரா மடத்துக்கு வர்றதுதானே?"

"அறுத்துட்டேனே ஐயா." கலியமூர்த்தி கண்ணை அலையவிட்டு அவர் முகத்தைத் தேடிப் பேசினான். "நானே நிறுத்திட்டு, நல்லா ஆனதுக்கப்புறம், குளிச்சு முழுகி வந்து கால்ல விழலாம்னு இருந்தேன். நாளைக்கு வந்துடுவேன் ஐயா. நாளைக்குச் சரியாயிடும்."

மாசிலாமணி சட்டென்று உட்கார்ந்து அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தினம் குடித்த உடம்பு திடீரென்று தனியாக நிறுத்தினால் வலிப்பு வந்து செத்தே போகலாம் என்று ஜெசிந்தா சிஸ்டர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதற்காகத்தானே பின்கட்டில் கட்டில்.

கலியமூர்த்தி உதறலுக்கு நடுவில் அவர் முகத்தையே பார்த்தான்.

"ஐயா மீசையில பொடி."

மாசிலாமணி துடைத்துக்கொண்டார்.

"கையில என்னங்கய்யா, கயிறா?"

"ஆமாம்."

"நீங்களா! எதுக்கு?"

"பேசாம இரு."

இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ ஒன்று மடத்து வாசலில் வந்து நின்றது. மாசிலாமணி இறங்கினார். எதிரே அவர் எழுதிய பலகை, அவர் போட்ட இரண்டு கோடு.

"ஐயா, தூக்கிட்டு உள்ள போகவா? இல்ல, இங்கயே இறக்கிடவா?" என்று ஆட்டோக்காரர் பலகையைப் பார்த்தபடி கேட்டார். ஊருக்கே தெரிந்த பலகை.

"தூக்குய்யா!" மாசிலாமணி கத்தினார். "சிஸ்டர்! ஆள் கொண்டு வந்திருக்கேன், சீக்கிரம் வாங்க! நடுக்கம் ஜாஸ்தியா இருக்கு!"

மலர்க்கொடி ஓடி வந்தாள். குஞ்சம்மாள் கரண்டியோடு வந்தாள். எல்லோருமாகத் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டு போனார்கள். மாசிலாமணி தலைமாட்டைப் பிடித்து வந்தவர், படி வந்ததும் தன் பக்கத்தை ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டு நின்றுவிட்டார்.

அவர் உள்ளே வராததை யாரும் கவனிக்கவில்லை.

வெயில் சாய்ந்தது. படிக்குக் கீழே நின்றுகொண்டே இருந்தார். உள்ளே சிஸ்டர் ஊசி கேட்கும் குரல் கேட்டது. நீராகாரம் கேட்கும் குரல் கேட்டது. அப்புறம் ஒரு குரலும் கேட்கவில்லை. போய்ப் பார்க்க வேண்டும்போல இருந்தது. கால் பலகைவரை போய்த் திரும்பியது.

அம்மா வெளியே வந்தார். கையில் ஒரு சொம்பு மோர்.

"எப்படிம்மா இருக்கான்?"

"மருந்து கேட்குது. தூங்குறான். மலர்க்கொடி பக்கத்துல இருக்கா. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா வலிப்பு வந்திருக்கும்னு சிஸ்டர் சொல்றாங்க." அம்மா சொம்பை நீட்டினார். "மத்தியானம் சாப்பிடக்கூட இல்லையே நீங்க. ஏன் இங்கயே நிக்கிறீங்க?"

மாசிலாமணி ஜிப்பாக் கையை மடித்துவிட்டு மணிக்கட்டை நீட்டினார்.

"கயிறு அப்படியேதாம்மா இருக்கு. ஆனா நான் அறுத்துட்டேன். டீக்கடையில."

"எப்போ?"

"உச்சி வெயில்ல."

"அப்புறம் ஏன் நேரா இங்க வரல?"

மாசிலாமணி பலகையைப் பார்த்தார். பிறகு அதையும் பார்க்க முடியாமல் மோரைப் பார்த்தார்.

அம்மா படியிறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றார். பழைய கயிற்றை அவிழ்த்தார். இடுப்பில் செருகியிருந்த கயிற்றுக் கண்டிலிருந்து ஒரு முழம் புதிதாக இழுத்தார்.

"விளக்கு வைக்க இன்னும் நேரம் இருக்கு. கட்டிக்கிறீங்களா?"

"இந்தத் தடவை விட்டுடுவேனான்னு எனக்கே தெரியலம்மா."

"நான் அதைக் கேக்கல."

மாசிலாமணி கையை நீட்டினார். அம்மா கட்டினார். உள்ளேயிருந்து குஞ்சம்மாளின் குரல் வந்தது. "ஐயா! உங்க மட்டை இங்க இருக்கவும் மிளகாயெல்லாம் தும்முது. வந்து வேற இடம் பாருங்க!"

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது. மோரை ஒரே மூச்சில் குடித்தார்.

"அம்மா, பேரூராட்சி ஆள் காலையில வந்துடுவார். புது மையத்து வாசலுக்கு என்ன விதின்னு எழுதட்டும்?"

அம்மா காலிச் சொம்பை வாங்கிக்கொண்டார்.

"இவ்வளவு நேரம் இங்க நின்னீங்களே, இந்தப் பலகையில என்ன எழுதியிருந்தா தேவலைன்னு தோணிச்சோ, அதை எழுதுங்க."