ராஜா தின்னப் பயந்த லேகியம்

முன்னொரு காலத்தில் வேங்கைமலை நாட்டைப் பூதலராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். புலியை நேருக்கு நேர் நின்று குத்தியவன். அப்பேர்ப்பட்டவன் ஒரு ஜாடி லேகியத்தைக் கண்டு நடுநடுங்கிப்போனான்.

ராணி அமுதவல்லிக்கு ஆறு பிரசவம். ஆறாவதில் உயிர் போய்த் திரும்பியது. இன்னொன்று என்றால் பிழைக்கமாட்டாள் என்று மருத்துவச்சி பேச்சியம்மை கையை விரித்துவிட்டாள். கரு தரிக்காமலிருக்கப் பெண்கள் குடிக்கும் கஷாயமும் ராணிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குடித்தால் மயங்கி விழுந்தாள். அதனால் ஆண்கள் தின்னும் லேகியம் ஒன்றைப் பேச்சியம்மை கிளறிக் கொண்டுவந்தாள். தினம் ஒரு நெல்லிக்காய் அளவு. தின்னும்வரை பிள்ளை உண்டாகாது, நிறுத்தினால் சில மாதத்தில் பழையபடி ஆகிவிடும் என்றாள்.

ராஜா கண்ணாடி முன்னால் போய் நின்றான். மீசை உதிருமோ, குரல் கீச்சிடுமோ, படை சிரிக்குமோ? ராணி செத்துப்போவாளே என்ற பயமும் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், மீசைப் பயம்தான் பெரிதாக இருந்தது.

நல்லவேளையாக அரண்மனை வழக்கம் ஒன்று கைகொடுத்தது. ராஜாவின் மருந்தை முதலில் ஒரு பிரபு நாற்பத்தெட்டு நாள் தின்று காட்டவேண்டும். மந்திரி சாத்தப்பர்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த தளபதி வீரகண்டன், அவர் சிபாரிசு செய்த மருந்தைக் கெடுக்க இதுதான் சமயமென்று முன்வந்தான். மந்திரி தினமும் தன் கையாலேயே உருட்டிக் கொடுத்தார்.

பத்தாம் நாள் குரல் கம்முகிறது என்றான் தளபதி. இருபதாம் நாள் வாள் கனக்கிறது என்றான். கெடுக்க வந்தவன்தான், ஆனால் இப்போது நிஜமாகவே நடுங்கினான். நாற்பத்தெட்டாம் நாள் உதிர்ந்த மீசை மயிரைப் பட்டுத்துணியில் முடிந்து சபைக்குக் கொண்டுவந்து, மருத்துவச்சியை நாடு கடத்தச் சொன்னான். சபையிலிருந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். ராஜாவும்தான்.

சாத்தப்பர் எழுந்தார். "கெடுக்கத்தான் வருகிறார் என்று தெரிந்து நான் தளபதிக்குக் கொடுத்தது வெறும் சுக்கும் வெல்லமும், மகாராஜா. சமையல்கட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள்."

"அப்படியானால் அசல் லேகியத்தைத் தின்றது யார்?"

"அடியேன்தான். முகத்தில் நாலு பரு வந்தது. சில நாள் தலைவலி, வீட்டில் எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன். மீசை இதோ இருக்கிறது."

ராஜா மந்திரிக்கு முத்துமாலை போட்டான், பேச்சியம்மைக்கு ஒரு கிராமம் கொடுத்தான். வீரகண்டன் அந்த முடிச்சைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஒரு மாதம் சபைக்கு வரவேண்டும் என்று உத்தரவாயிற்று.

இனிமேல் ராஜாவுக்குத் தப்பிக்க வழியில்லை. ஜாடியோடு ராணியின் அறைக்குப் போனான். நெல்லிக்காய் அளவு ஒரு உருண்டை பிடித்தான்.

"எனக்குப் பயமாயிருக்கிறது, அமுதா."

"இருக்கும். ஆறு தடவையும் எனக்கு இருந்ததே. எனக்கு முன்னால் பெற்றுக் காட்ட யாரும் வரவில்லை."

ராஜா உருண்டையை வாயில் போட்டு விழுங்கினான்.