கண்ணாடிச் சுவரில் ஒட்டிய செய்தித்தாள்

சென்னையில் ஒரு பெரிய மென்பொருள் கம்பெனி. ஊழியர்களுக்கென்று கேரம், டேபிள் டென்னிஸ் எல்லாம் வைத்த விளையாட்டுக்கூடம் அங்கே இருந்தது; ஆனால் ஈ காக்கை நுழையாது. அதைப் பெருக்கித் துடைப்பவர் செங்கோடன்.

மேலாளர் ரங்கபாஷ்யம் அவரைக் கூப்பிட்டார். “வெள்ளிக்கிழமை முதலாளியம்மா வர்றாங்க. கூடம் நிறைஞ்சிருக்கணும். இல்லேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை.”

பெருக்குகிறவர் கூப்பிட்டால் இன்ஜினியர்கள் வருவார்களா? மேலாளருக்கு அதெல்லாம் கவலையில்லை.

கூடத்துக்கும் மேலாளர் அறைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர்தான். வியாழக்கிழமை ராத்திரி, மேலாளர் கிளம்பிப் போனதும் செங்கோடன் அது முழுக்கச் செய்தித்தாளை ஒட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. முதலாளியம்மாவை அழைத்துக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த மேலாளர் அவர் முன்னாலேயே கத்தினார்: “யாரைக் கேட்டுய்யா என் கண்ணாடியை மூடினே?”

“நிறையணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? இவங்களுக்கு விளையாட ஆசைதான். நீங்க பார்த்துட்டு, ‘வேலை இல்லையா?’ன்னு கேட்பீங்களேன்னு பயம்.”

“அப்படியா?” என்று முதலாளியம்மா திரும்பிக் கேட்டார். அத்தனை தலைகளும் ஆடின.

“ரங்கபாஷ்யம், திங்கட்கிழமை உங்க அறையைக் கீழ்த்தளத்துக்கு மாத்திக்குங்க. செங்கோடன், உட்காருங்க. முதல் ஆட்டம் உங்களோடதான்.”