புலமாடன் அடைகாத்த சப்பாத்தி

மூக்கன்குளத்து அண்ணன் தம்பிகள் நான்கு பேரைப் பற்றி ஊரில் யாரும் கெட்டதாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச ஆரம்பித்தால் பாதியிலேயே சிரிப்பு வந்துவிடும். மூத்தவன் மந்திரமூர்த்தி, அடுத்தவன் சொள்ளமுத்து, மூன்றாமவன் புலமாடன், கடைசி இசக்கி. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதுதான் அவர்களிடம் இருந்த ஒரே குறை.

இவர்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண், வடிவு. மூத்த மூவருக்கும் தங்கச்சி, இசக்கிக்கு அக்கா. அப்பா அம்மா இல்லாத வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்து யோசிக்கிற வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. அவளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை பேச்சிமுத்து, நாக்பூரில் வேலை. போட்டோவைப் பார்த்ததும் வடிவுக்குப் பிடித்துவிட்டது. நாக்பூர் எவ்வளவு தூரம் என்று விசாரித்தாள். ரயிலில் போய்க்கொண்டே இருக்கவேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு இன்னும் பிடித்தது.

ஒரே ஒரு சிக்கல், மாப்பிள்ளையின் தாய்மாமா தளவாய். கல்யாணத்தை முடிப்பதும் முறிப்பதும் அவர்தான். பல வருஷமாக நாக்பூரில் மாப்பிள்ளையோடு இருப்பதால் மதியம் சப்பாத்திதான் சாப்பிடுவார். அதுவும் சுடச்சுட. ஆறின சப்பாத்தி வைத்தார்கள் என்பதற்காகவே ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்று எழுந்து போனவர்.

பெண் பார்க்கிற இடம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாஸ்தா கோயில். பெண் நல்ல நேரம் பார்த்துக் கடைசியில்தான் வரவேண்டும். ஆகவே வடிவு விடியற்காலையிலேயே சப்பாத்தி சுட்டு வைத்தாள். முன்னால் போய் மாமாவை வரவேற்று, சப்பாத்தியைச் சூடு பண்ணிக் கொடுக்கும் பொறுப்பு அண்ணன் தம்பிகளுக்கு. வேறு ஆள் இல்லை.

"நல்லா கேட்டுக்கிடுங்க" என்றாள் வடிவு. "கல்லு நல்லா காயணும். தண்ணி தெளிச்சா சொய்ங்னு கேக்கணும். அப்புறம் சப்பாத்தியைப் போட்டு ரெண்டு பக்கமும் சூடேத்தணும். எடுத்ததும் துணியில சுத்தி, சூடு போகாம வச்சுக்கிடணும். எங்க, ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

வீட்டில் ஒத்திகை நடந்தது. இட்லிக் கொப்பரையிலும் ஆவி காட்டலாம் என்று அவள் சொன்னதுதான் தாமதம், சொள்ளமுத்து சப்பாத்தியை இட்லி அளவுக்கு வட்டம் வட்டமாகக் கிழித்துக் குழிகளில் அடுக்கிவிட்டான். "நேரா தணல்லயும் வாட்டலாம். கை சுடாம இடுக்கியால பிடிக்கணும்" என்றாள். இசக்கி இடுக்கியைத் தணலில் பிடித்தான். சப்பாத்தியை இடது கையில் வைத்துக்கொண்டான்.

"கொஞ்சங்கூட சுடல அக்கா" என்றான் சந்தோஷமாக.

வடிவு சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "கல்லுல போட்டே சூடு பண்ணுங்க. வேற எதுவும் வேண்டாம்" என்று அனுப்பி வைத்தாள்.

வாசல் தாண்டுவதற்குள் மந்திரமூர்த்திக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. "ஏலே, அங்க போயி கல்லைக் காயவச்சா நேரமாயிரும். இங்கயே காயவச்சு எடுத்துட்டுப் போயிருவோம்."

எல்லோரும் அண்ணனை மெச்சினார்கள். தோசைக்கல்லை அடுப்பில் சிவக்கச் சிவக்கக் காயவைத்து, சாக்கைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாக்கு புகைந்தது. கை மாற்றிக் கை மாற்றி வாய்க்கால் வரைக்கும் வந்ததும் யாராலும் பிடிக்க முடியவில்லை.

"கொஞ்சம் தண்ணியில முக்கிக்கிடுவோமா?" என்று கேட்டான் புலமாடன்.

"முக்கினா சூடு கெட்டுப் போயிராதா?" என்றான் மந்திரமூர்த்தி.

"காயவச்சது காயவச்சதுதானே அண்ணே. அதை யாரு இல்லைன்னு சொல்ல முடியும்?"

முக்கினார்கள். வாய்க்காலே ஒரு தடவை சொய்ங் என்றது. அதன் பிறகு கல்லைத் தூக்குவது சுலபமாக இருந்தது.

கோயில் பனங்காட்டில் மூன்று கற்களை வைத்து, மேலே தோசைக்கல்லை வைத்தார்கள். காய்ந்த கல்தானே, தீ எதற்கு? மந்திரமூர்த்தி தண்ணீர் தெளித்தான். சத்தம் வரவில்லை. மறுபடியும் தெளித்தான். நான்கு பேரும் காதைக் கொண்டுபோய்க் கல்லில் வைத்துக் கேட்டார்கள்.

"சத்தம் வந்தாத்தான் சப்பாத்தி போடணும்னு வடிவு சொன்னாளே" என்று கவலைப்பட்டான் சொள்ளமுத்து.

"சொய்ங்" என்றான் இசக்கி.

"ஆங், வந்துட்டு. போடு!"

போட்ட சப்பாத்தி போட்டபடியே கிடந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் பனையோலையைப் பொறுக்கித் தீ மூட்டினார்கள். இப்போது கல் காய்ந்தது, சப்பாத்தியும் சூடேறியது. ஒன்றைச் சூடாக்கி எடுத்து வைத்து, அடுத்ததைப் போட்டார்கள். அது சூடாவதற்குள் முதலாவது ஆறிவிட்டது. முதலாவதை மறுபடி போட்டார்கள். இரண்டாவது ஆறிவிட்டது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே ஓலை பாதி தீர்ந்தது. மற்ற சப்பாத்திகள் கூடையில் தங்கள் முறைக்குக் காத்திருந்தன.

"எல்லாத்தையும் சுட்டுச் சுட்டுத் துணிக்குள்ள சுத்துவோம்" என்றான் சொள்ளமுத்து. "ஆனா துணிக்குள்ள சூடு நிக்கணுமே?"

அந்தச் சமயத்தில் வேலியோரம் ஒரு கோழி முட்டை மேல் உட்கார்ந்திருப்பதை இசக்கி கண்டான். நான்கு பேரும் போய் மரியாதையாகத் தள்ளி நின்று அதைப் பார்த்தார்கள்.

"இதுக்கு அடுப்பு இல்ல. ஓலை இல்ல. ஆனா முட்டை சூடா இருக்கு" என்றான் மந்திரமூர்த்தி. பிறகு தம்பிகளை ஒவ்வொருவராக ஏற இறங்கப் பார்த்தான். பார்வை புலமாடனிடம் வந்து நின்றது. வீட்டிலேயே அகலமானவன் அவன்தான்.

சூடு பண்ணின சப்பாத்திகளை வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டிப் பாறையில் வைத்தார்கள். புலமாடன் சாமியைக் கும்பிட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா சூடு போயிரும், வடிவு வாழ்க்கையும் போயிரும்."

"தலையே போனாலும் எந்திரிக்க மாட்டேன் அண்ணே."

தளவாய் மாமா வந்துவிட்டார். பெரிய மீசை, கையில் குடை. பின்னால் மாப்பிள்ளை. மூன்று பேர் துள்ளி எழுந்து கும்பிட்டார்கள். புலமாடன் உட்கார்ந்தபடியே கும்பிட்டான்.

மாமா முகம் சிவந்தது. "இவுகளுக்கு எந்திரிக்கத் தெரியாதோ?"

"தெரியும் மாமா" என்றான் புலமாடன். "ஆனா மாட்டேன்."

மாமா குடையை விரித்துத் திரும்பி நடந்தார். பேச்சிமுத்து பாவம், அங்குமிங்கும் பார்த்தான். அண்ணன் தம்பிகள் அவசரமாகக் கூடிப் பேசினார்கள். பெரியவர் வந்தால் எழுந்து நிற்பதுதான் மரியாதை. எழுந்தால் சூடு போகும்.

"அவன் எந்திரிக்க வேண்டாம். நாம தூக்குவோம்" என்றான் மந்திரமூர்த்தி.

மூன்று பேரும் மூட்டையோடு சேர்த்துப் புலமாடனைத் தூக்கி, நிற்கிற ஆள் உயரத்துக்குப் பிடித்தார்கள். அவன் சம்மணம் போட்டபடி அந்தரத்தில் இருந்து கும்பிட்டான். அவர்கள் மூச்சு வாங்கிய சத்தத்தில் மாமா திரும்பிப் பார்த்தார்.

"ஏன் தூக்குதீய?"

"மரியாதைக்கு மாமா."

மாமா குடையை மடக்கினார். கண் கலங்கியது. "எனக்கு எந்திரிச்சு நின்ன ஆளு எத்தனையோ. தூக்கி நிறுத்தினது இன்னைக்குத்தான்" என்று பாறையில் வந்து உட்கார்ந்தார்.

வடிவு தலை நிறையப் பூவோடு வந்து சேர்ந்தபோது மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சப்பாத்தி பூப்போல மெத்தென்று, இளஞ்சூடாக இருந்தது. "என் வீட்டுல கூட இப்படி அமையாது. எப்படிச் சூடு பண்ணுனீங்க?" என்று கேட்டார்.

வடிவு அண்ணனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். மந்திரமூர்த்தி அதைப் பார்த்தான், தங்கச்சி கண்ணில் தூசி என்று நினைத்து வருத்தப்பட்டான், பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். கோழியையும் காட்டினான். வடிவு கண்ணை மூடிக்கொண்டாள்.

மாமா மென்றதை விழுங்கினார். புலமாடனைச் சுற்றி வந்து நாலாபக்கமும் பார்த்தார்.

"நகை வேண்டாம், பாத்திரம் வேண்டாம்" என்றார். "பொண்ணோட சீரா இந்தத் தம்பியை மட்டும் அனுப்பிருங்க. நாக்பூர்ல மார்கழி பிறந்தா குளிரு அதிகம்."

வடிவு யோசித்தாள். நான்கில் ஒன்று கூட வருகிறது, மூன்று ஊரிலேயே நின்றுவிடுகிறது. லாபம்தான். தலையாட்டினாள்.

கல்யாணம் முடிந்து திருநெல்வேலியில் ரயில் ஏறினார்கள். புலமாடன் முதல் ஆளாக ஏறி, வழிச் சாப்பாட்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். மற்ற மூன்று பேரும் பிளாட்பாரத்தில் நின்று அழுதார்கள். வடிவும் அழுதாள். அவள் அழுகையில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது, சொல்லாமல் என்ன?

மாமா மூட்டைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "மேல்பக்கம் சூடா இருக்கு. அடிப்பக்கம் சில்லுனு இருக்கே!"

"ரெண்டு பக்கமும் சூடேத்தணும்னு அக்கா அன்னைக்கே சொல்லுச்சுல்லா!" என்று கத்தினான் இசக்கி.

ரயில் ஊதியது. மந்திரமூர்த்தி ஓடிவந்து ஏறி, இருக்கையில் மல்லாக்கப் படுத்தான். வயிற்றில் மூட்டை, மூட்டைமேல் புலமாடன்.

"திருப்பிப் போட ஆள் வேணுமே!" என்றபடி சொள்ளமுத்து ஏறினான். ஒருவரால் திருப்ப முடியாது என்று இசக்கியும் ஏறினான்.

வடிவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு புருஷனைக் கேட்டாள். "ஏங்க, நாக்பூருக்கு அங்கிட்டும் ரயில் போகுமா?"

கோவில்பட்டி தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். ஒருவன்மேல் ஒருவனாகக் கிடந்தவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டிக்கெட்டை எடுக்கச் சொன்னார்.

அடியிலிருந்து மந்திரமூர்த்தியின் குரல் வந்தது.

"கொஞ்சம் பொறுங்க சார். இன்னும் ஒரு பக்கம் ஆகல."