அமைச்சர் இல்லாத பிற்பகல்

கதையின் கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்போகிறேன். அதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வெண்குன்ற நாட்டில் அமைச்சர் ஆவது லேசான காரியம் அல்ல. முதலில் அரசர் பெயர் குறித்து ஓலை தர வேண்டும். அடுத்து, அந்த ஆள் அவையில் நின்று உறுதிமொழி ஏற்க வேண்டும். பிறகு அவருடைய துறை எது, கடமைகள் எவை என்று எல்லோர் காதிலும் விழும்படி படிக்க வேண்டும். மூன்றும் முடிந்தால்தான் துறையின் முத்திரை கைக்கு வரும். ஆளில்லாத துறை அரசரைச் சேரும். இவ்வளவும் அவையின் வாசற்கல்லில் வெட்டியிருந்தது.

அந்த ஆண்டு நீர்த்துறைக்கு இளவெயினியின் பெயர் வந்தது. அவள் கால்வாய் அளப்பவள். எந்த வாய்க்காலில் எந்த மாதம் எத்தனை சாண் தண்ணீர் ஓடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஓலை காலையில் வந்தது. உறுதிமொழி மறுநாளைக்கு என்று சொல்லிவிட்டு அரசர் மலையடிவாரக் கோயில் திருவிழாவுக்குக் கிளம்பிப் போனார். குதிரையில் போய்வரவே அரை நாள் ஆகும் தொலைவு அது.

பழைய அமைச்சர் பெருஞ்சாத்தனார் முப்பது ஆண்டுகள் ஏரிகளோடு மல்லுக்கட்டியவர். விடுதலை கிடைத்த மகிழ்ச்சியில் நண்பகலிலேயே முத்திரையை ஒப்படைத்துவிட்டு, பலாப்பழம் தின்ன மகள் ஊருக்கு வண்டி கட்டினார்.

அவர் போன சற்று நேரத்தில் மலையில் மழை கொட்டித் தீர்த்தது. இளவெயினி பெரிய ஏரிக்கு ஓடினாள். தண்ணீர் கரையின் உச்சியைத் தொட இன்னும் இரண்டு சாண்தான் பாக்கி. நான்காம் மதகைத் திறந்தால் கரை பிழைக்கும், ஊரும் பிழைக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் பள்ளத்து வெங்காயக் கொல்லைகளில்தான் போய் விழும். அங்கே முப்பது குடும்பங்கள் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தன. அதனால்தான் அந்த மதகுக்கு மட்டும் தனிச் சட்டம் இருந்தது. நீர்த்துறை முத்திரை இல்லாமல் அதைத் திறப்பவர் ஓராண்டு தலைநகரில் தங்கக் கூடாது.

அவள் முத்திரைக் காவலர் ஆதனிடம் போனாள். அவர் எழுந்து நின்று வணங்கினார். பெட்டியை மட்டும் திறக்கவில்லை.

"அம்மா, நாளைக் காலையில் கேளுங்கள், இரண்டு கையாலும் தருகிறேன். இன்றைக்கு நீங்கள் பெயர் குறிக்கப்பட்டவர்தான். அமைச்சர் இல்லை."

துறை இப்போது அரசர் பொறுப்பில் இருக்கிறது என்று சொல்லி, அனுமதி கேட்டு உடனே ஒரு குதிரை வீரனையும் அனுப்பினார். இளவெயினி மனக்கணக்குப் போட்டுப் பார்த்தாள். குதிரை வருமுன் கரை போய்விடும். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் அவளால் ஒரு குற்றமும் காண முடியவில்லை.

திரும்பி மதகுக்கு வந்தாள். பலகையைத் தூக்கும் தடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. இன்று சட்டத்தை மீறிவிட்டு, நாளை அதே சட்டத்தின் பெயரால் உறுதிமொழி சொல்வது எப்படி என்று நெஞ்சு கேட்டது. அதைவிடப் பெரிய கவலை பள்ளத்தில் இருந்த மனிதர்கள். அவள் கொல்லைகளை நோக்கி ஓடினாள். நான் இன்னும் அமைச்சர் இல்லை, கட்டளை இடவில்லை, தண்ணீர் வரக்கூடும் என்று எச்சரிக்க மட்டுமே வந்தேன் என்று அவர்களிடம் சொன்னாள். பிடுங்கியதை மூட்டை கட்டவும் மாடுகளை மேட்டுக்கு ஓட்டவும் தானே கூட நின்றாள்.

கடைசி மாடு மேடேறியபோது அவள் ஏரியைத் திரும்பிப் பார்த்தாள். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு மதகின்மேல் நின்றவர் பெருஞ்சாத்தனார். வழியில் ஓடைநீரின் நிறத்தைப் பார்த்ததுமே வண்டியைத் திருப்பியிருந்தார். மதகுக்காரன் முத்திரை எங்கே என்று கேட்டிருக்கிறான்.

"இல்லை. நீ தள்ளி நில். திறந்தது நான்தான் என்று நாளைக்கு அவையில் சொல்" என்றார் அவர். எல்லோரும் மேடேறும்வரை காத்திருந்து, பலகையைத் தன் கையாலேயே தூக்கினார்.

கரை நின்றது. கொல்லையில் மிஞ்சிய வெங்காயம் மட்டும் மிதந்தது. அரசரின் அனுமதியோடு குதிரை வந்தபோது ஏரி ஒரு முழம் இறங்கியிருந்தது.

மறுநாள் இளவெயினி உறுதிமொழி ஏற்றாள். அவளுடைய கடமைகளைப் படித்தார்கள். ஏரி, கால்வாய், மதகு காப்பது முதல் கடமை. நீர்ச்சட்டத்தை மீறியவரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது கடைசிக் கடமை. ஆதன் சொன்னபடியே இரண்டு கையாலும் முத்திரையைத் தந்தார். அது கைக்கு வந்ததுமே முதல் வழக்கும் வந்தது. எதிரே பெருஞ்சாத்தனார் நின்றார்.

அவையில் ஆளுக்கொரு பேச்சு. கரை உடைந்திருந்தால் ஆதன் முத்திரைப் பெட்டியைக் கட்டிக்கொண்டா நீந்தியிருப்பார் என்றார் ஒருவர். கையெட்டும் தூரத்தில் தடி இருந்தும் புது அமைச்சர் வெங்காயக் கொல்லைக்கு ஏன் ஓடினார் என்று முணுமுணுத்தார் இன்னொருவர். பதவியைத் துறந்தவர் மதகைத் தொட்டதே தவறு என்றார் மூன்றாமவர். இளவெயினிக்கு முகம் சுட்டது. தான் செய்யத் துடித்ததைச் செய்தவருக்கே அவள் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஆதன், இளவெயினி, பெருஞ்சாத்தனார், இந்த மூவரில் யார் செய்தது சரி? அவள் என்ன தீர்ப்புச் சொல்லியிருப்பாள்?

விடை: ஆதன் செய்தது சரி என்றாள் இளவெயினி. உறுதிமொழி ஏற்காமல், பெயர் குறித்த உடனேயே முத்திரை கிடைக்கும் என்றால், நாளை ஓலையைக் காட்டுகிற எவரும் அதைக் கேட்பார். தன்னைப் பற்றிச் சொல்லும்போது, எச்சரிக்கப் பதவி தேவையில்லை, அதனால் அதைச் செய்தேன் என்றாள். பிறகு பெருஞ்சாத்தனாரைப் பார்த்து, "நீங்கள் செய்தது சரி. அதற்குத் தண்டனையும் சரி" என்றாள். தண்டனை தெரிந்தே, பழியைப் பிறர்மேல் போடாமல் திறந்தவர் அவர். அவரை மன்னித்தால் அடுத்த முறை யார் வேண்டுமானாலும் மதகைத் தூக்குவார்கள். ஓராண்டு தலைநகரை விட்டுப் போக வேண்டும் என்றதும், கிழவர் சிரித்துக்கொண்டே வண்டி ஏற்கெனவே கட்டித்தான் இருக்கிறது என்றார். உண்மையான பிழை சட்டத்தில் இருந்தது. பழையவர் போவதற்கும் புதியவர் வருவதற்கும் நடுவில், அரசரும் ஊரில் இல்லாத ஒரு பிற்பகல் அனாதையாகக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. அன்று மாலையே அரசர் இசைவோடு வாசற்கல்லில் புது வரி ஒன்று ஏறியது: அடுத்தவர் உறுதிமொழி ஏற்கும்வரை முன்னவரே அமைச்சர்.